வெப்பமண்டலத் தீவில் கனமழை நேரத்தில் கார் ஓட்டுவது அவ்வளவு ஆபத்தா?

மழைக்காலத்தில் ஒரு தீவுக்குப் போகிறோம், வாடகைக் கார் எடுத்துச் சுற்றலாமா, இல்லை பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிமித்தமாக நான்கு வருடம் அப்படி ஒரு தீவில் இருந்தேன், தினமும் கார்தான். தாராளமாக எடுங்கள். ஆனால் கண்ணாடியில் வந்து அறைகிற மழைக்கு நீங்கள் ரொம்பப் பயப்பட வேண்டாம், அது தானாகவே உங்களை மெதுவாகப் போகவைத்துவிடும். உங்கள் கண்ணில் படாமல் மலைமேல் பெய்கிற மழைதான் ஆளைக் காவு வாங்குவது.

நடுவில் மலை, சுற்றிலும் கடற்கரை, கரையோரமாக ஒரே சாலை. மலைத்தீவுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஈரத்தோடு வரும் கடல்காற்று மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே மொத்தத்தையும் கொட்டிவிடும். மறுபக்கம் காய்ந்து கிடக்கும். ஹவாயின் பெரிய தீவில் கிழக்குக் கரையில் இருக்கும் ஹீலோவில் வருடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அதே தீவின் மேற்குக் கரையில் சில இடங்களில் 250 மி.மீ. கூடத் தேறாது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் ஃபோக்-ஃபோக் என்ற மலைப்பகுதியில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது. உலக சாதனை அது. ஏறக்குறைய ஆறடி, ஓர் ஆள் உயரம்! அந்தத் தீவின் உச்சி 3,000 மீட்டருக்கு மேல். அங்கிருந்து கடலுக்கு நேர்கோட்டில் 20 கி.மீ. சொச்சம்தான். பெரிய நிலப்பரப்பில் ஓடும் ஆற்றில் வெள்ளம் வந்துசேர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், அதற்குள் எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள். தீவின் காட்டாற்றில் சில சமயம் அரை மணி நேரம் கூடக் கிடைக்காது.

நான் இதைப் புரிந்துகொண்டது ஒரு தரைப்பாலத்தில். காலையில் போகும்போது பாலத்தின் மேல் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை, அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வருகிறேன், நல்ல வெயில். கரையில் ஒரு லாரி நிற்கிறது. ஓட்டுநர் இறங்கிக் கல்மேல் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் அப்போதும் முழங்காலுக்குக் கீழேதான், ஆனால் டீ நிறத்தில் இருந்தது. இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் தயங்குகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாஷை தெரியாததால் சைகையில் கேட்டேன். அவர் பேசாமல் மலையைக் காட்டினார். பாதி மலையைக் காணோம், கருமேகம் விழுங்கியிருந்தது. அப்புறம் ஒரு தேங்காய் அளவு கல்லை எடுத்துத் தண்ணீர் தொடும் இடத்தில் வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிடத்தில் கல் பாதி மூழ்கியது. பத்து நிமிடத்தில் கல்லையே காணோம். அதற்குள் ஒரு சின்ன கார் எங்களைத் தாண்டி இறங்கி, நடுவுக்குப் போகும் முன்பே பயந்து பின்னால் வந்தது. முன்பக்க நம்பர் பிளேட் தண்ணீரோடு போயிருந்தது. கால் மணி நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது, யாரோ பெரிய அண்டாக்களை உருட்டுவது போல. தண்ணீருக்கு அடியில் பாறைகள் உருள்கிற சத்தம். மூன்று மணி நேரம் காத்திருந்தேன். என் தலையில் ஒரு சொட்டு மழை விழவில்லை.

சரி, எவ்வளவு தண்ணீர் வரை இறங்கலாம்? ஓடுகிற தண்ணீர் என்றால் இறங்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். சுமார் 30 செ.மீ. ஆழத்தில் ஓடும் தண்ணீர் சாதாரணக் காரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். 60 செ.மீ. இருந்தால் பெரிய ஜீப் வகை வண்டிகளும் தப்பாது. கார் என்பது காற்றடைத்த ஒரு தகரப் பெட்டி, கொஞ்சம் ஆழம் கிடைத்ததும் மிதக்கப் பார்க்கும். மிதக்க ஆரம்பித்துவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்து என்ன பயன், சக்கரம் தரையைத் தொட்டால்தானே? கலங்கல் தண்ணீரில் இன்னொரு சிக்கல், அடியில் சாலை இருக்கிறதா அரித்துப் போய்விட்டதா என்று தெரியாது. தேங்கி நிற்கும் தண்ணீரில் உயிர் போகாவிட்டாலும் எஞ்சின் போய்விடும். காற்று இழுக்கும் குழாய் வழியாக ஒரு மடக்கு தண்ணீர் உள்ளே போனால் போதும், எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். அணைந்துபோன எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சாவி போட்டுக் கிளப்பப் பார்ப்பவர்கள்தான் மிச்சமிருப்பதையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஊருக்குள் வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயியில் 2013 மார்ச் 30 அன்று சில மணி நேர மழையில் 11 பேர் இறந்தார்கள். மலையடிவார நகரம் அது. சுரங்கப் பாதையிலும் நிலத்தடி வாகன நிறுத்தத்திலும் மாட்டிக்கொண்டவர்கள் அதில் உண்டு. கனமழை நாளில் நிலத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள், மழை வந்ததும் அதை எடுக்க ஓடவும் ஓடாதீர்கள். கடலேற்ற நேரத்தையும் பார்த்துவையுங்கள். முகத்துவாரத்தில் கடல் மேலே ஏறி நின்றால் ஆற்றுத் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது, கரையோரச் சாலையில்தான் ஏறும்.

மலைச்சாலையில் மண்சரிவு. மழை நின்றதும் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். தப்பு. மண் குடித்த தண்ணீர் உள்ளே இருக்கும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சரியும். சாலையில் பொடிக்கற்கள் சிதறிக் கிடந்தால், வழக்கமாகக் கசியாத இடத்தில் செம்மண் தண்ணீர் கசிந்தால், மரமோ கம்பமோ சாய்ந்திருந்தால் அங்கே நிற்கக்கூடாது, போட்டோ எடுக்கவும் கூடாது. ஒரே சாலை என்பதன் அர்த்தம் இங்கேதான் தெரியும். ஹவாயின் கவாய் தீவில் 2018 ஏப்ரலில் ஒரே நாளில் 1,262 மி.மீ. கொட்டியது. வடகரைச் சாலையில் மலை சரிந்து விழுந்தது. உள்ளூர்க்காரர்கள் பல மாதங்கள் வரிசை கட்டிக் காவலோடுதான் போய்வந்தார்கள். பொதுமக்களுக்குச் சாலை திறந்தது 2019 ஜூனில்! சுற்றிப் போக வேறு வழி இல்லை என்பதால்தான் ‘எப்படியாவது தாண்டிவிடலாம்’ என்று மனசு அடித்துக்கொள்ளும். விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் இன்னும் மோசம். அதனால் கடைசி இரவு விமான நிலையம் இருக்கும் பக்கமே தங்கிவிடுங்கள்.

இனி ஓட்டும் விஷயம். ரொம்ப நாள் காய்ந்த பிறகு பெய்யும் முதல் மழையில் சாலை சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் அப்போதுதான் கிளம்பும். அடைமழையில் ஒருநாள் 80-ல் போய்க்கொண்டிருந்தேன், திடீரென்று ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது, எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது. டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த இரண்டு விநாடியில் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், காலை மட்டும் ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்ததால் பிழைத்தேன். உண்மையைச் சொன்னால், பயத்தில் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. வாடகைக் காரை எடுக்கும்போது கீறல்களைப் படம் பிடிப்பதோடு டயரையும் குனிந்து பாருங்கள். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள்.

கண்ணாடியில் உள்பக்கம் பனித்தால் ஏசியைப் போட்டு முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு இண்டிகேட்டரையும் எரியவிடாதீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று புரியாது. வைப்பர் அதிவேகத்தில் அடித்தும் எதுவும் தெரியவில்லையா, சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நில்லுங்கள். தென்னை மரத்தடியிலும் மண்மேட்டுக்குக் கீழேயும் மட்டும் வேண்டாம். பெருமழை ஒரே வேகத்தில் நெடுநேரம் அடிப்பது அபூர்வம், பல நாளில் இருபது நிமிடத்தில் தணிந்துவிடும்.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போகிறீர்கள் என்றால் கூடுதலாக ஒன்று. அங்கே மழைக்காலத்தின் முதல் மழையோடு கோடிக்கணக்கில் செந்நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு இறங்கும். சில சாலைகளையே மூடிவிடுவார்கள், நண்டுகளுக்கென்று ஒரு மேம்பாலமும் உண்டு. மழையால் சாலை மூடப்பட்டதில் எனக்குக் கோபம் வராத ஒரே ரகம் இது.

அப்புறம், வாடகை ஒப்பந்தத்தைக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். தண்ணீருக்குள் ஓட்டியதால் வந்த சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும். தரைப்பாலத்தில் இறங்கிய அந்தச் சின்ன கார்க்காரர் நம்பர் பிளேட்டை மட்டும் பறிகொடுத்துத் தப்பித்தார். எஞ்சின் போயிருந்தால் முழுப் பணமும் அவர் கையிலிருந்துதான் போயிருக்கும்.