ப்ரபோசல் அனுப்புவதற்கு முன்: டீம் பில்டிங் கேள்வி பதில்

சென்னையில் நிறுவனங்களுக்கு டீம் பில்டிங் (ஊழியர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து வேலை செய்ய உதவும் நிகழ்ச்சி) நடத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களும், ஹெச்.ஆர். பக்கம் இருக்கும் சிலரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பெருங்குடி): மேடம், ஹெச்.ஆரிலிருந்து போன் செய்து, "60 பேர், அரை நாள், ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட், நாளைக்குள் ப்ரபோசல் வேண்டும்" என்கிறார்கள். கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் என்ன கேட்பது?

பதில்: போன் செய்தவருக்கு இந்த நிகழ்ச்சி தேவைப்பட்டிருக்காது. மேலே யாரோ சொல்லியிருப்பார்கள், வேலை இவர் மேசைக்கு வந்திருக்கும். அதனால் முதலில், "இதை வேண்டும் என்று சொன்னது யார்?" என்று கேளுங்கள். அடுத்து, "ஏன் இப்போது?" அப்ரைசல் முடிந்து பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கலாம். இரண்டு டீம்களை ஒன்றாக்கியிருக்கலாம். மார்ச் 31க்குள் மிச்சப் பட்ஜெட்டைச் செலவழிக்க வேண்டும் என்பதாகக்கூட இருக்கலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றுக்கும் ஒரே நிகழ்ச்சி பொருந்தாது.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: "போன முறை என்ன செய்தீர்கள்? திரும்பி வரும்போது பஸ்ஸில் என்ன பேசிக்கொண்டார்கள்?" இதற்குக் கிடைக்கிற பதிலில் பாதி ப்ரபோசல் இருக்கும். "கேம்ஸ் நன்றாக இருந்தது, ஆனால் மேனேஜர்கள் எல்லாம் தனி டேபிளில் உட்கார்ந்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா?

நாளைக்குள் என்றால் ஒரு பக்கம் அனுப்புங்கள்: நீங்கள் புரிந்துகொண்டது, இன்னும் தெரிய வேண்டியது, செலவு எதிலிருந்து எதுவரை ஆகலாம் என்பது. ஆக்டிவிட்டி பெயர் ஒன்றுகூட வேண்டாம். பெயரைப் போட்டுவிட்டால் அப்புறம் பேச்சு அதைச் சுற்றியே ஓடும்.

கேள்வி (வேளச்சேரி): அக்கா, பட்ஜெட் எவ்வளவு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்படாமல் கேளுங்கள் தம்பி. தலைக்கு இவ்வளவு என்று அவர்கள் சொல்லும் தொகைக்குள் பஸ், சாப்பாடு, 18% ஜிஎஸ்டி எல்லாம் அடக்கமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் சண்டை வருவது இங்கேதான்.

கேள்வி (அம்பத்தூர்): எந்த கிளையன்ட்டைக் கேட்டாலும் "எங்கள் டீமில் கம்யூனிகேஷன் சரியில்லை" என்கிறார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நடந்த சம்பவமாகக் கேளுங்கள். "கடைசியாக எப்போது இதனால் வேலை கெட்டது? அன்று யார் யாருக்கு எதைச் சொல்லவில்லை?" சம்பவம் சொல்லத் தெரியாதவர் வேறு யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார். அந்த வேறு யாரோவிடம் பேச நேரம் கேளுங்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இதே புகார் வந்தது. ஷிப்ட் லீடர்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வெளியே கூட்டிப்போய்க் கயிறு ஏறுவது, தெப்பம் கட்டுவது மாதிரி ஏதாவது வையுங்கள் என்றார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் தளத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்டேன். இரண்டாம் ஷிப்ட் 2:30க்குத் தொடங்குகிறது. முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் 2:35க்குக் கிளம்பிவிடும். கையைத் துடைத்துக்கொண்டே ஓடுகிறவர் லாக் புக்கில் எழுதிவிட்டுப் போனது இவ்வளவுதான்: "4ஆம் மெஷின் பார்க்கவும்." எதைப் பார்க்க? வந்தவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு ட்ரே ரிஜெக்ட் ஆகிவிடுகிறது. கணக்கு வந்தவர் பெயரில் ஏறுகிறது. இப்படி நடக்கிற இடத்தில் முகம் கொடுத்துப் பேசினால்தான் ஆச்சரியம்.

பஸ்ஸைக் கால் மணி நேரம் தள்ளுங்கள் என்றுதான் முதல் வரியில் எழுதிக் கொடுத்தேன். அதோடு, இரண்டு ஷிப்ட் லீடர்களும் சேர்ந்து உட்கார்ந்து லாக் புக்கில் என்னென்ன எழுத வேண்டும் என்று அவர்களே முடிவு செய்கிற மாதிரி ஓர் அரை நாள். ரிசார்ட் இல்லை, அவர்களுடைய கேன்டீனிலேயே. எனக்கு வந்த தொகை குறைவுதான். ஆனால் தெப்பம் கட்டியிருந்தால் மறுநாள் 2:35க்கு அதே பஸ் கிளம்பியிருக்கும்.

கேள்வி (தரமணி): கலந்துகொள்ளப் போகிறவர்களிடம் பேச ஹெச்.ஆர். விடுவதில்லை. "நாங்களே சொல்கிறோமே" என்கிறார்கள்.

பதில்: வெளியாள் வந்து எதையாவது கிளறிவிடுவாரோ என்ற பயம். பெரிதாகக் கேட்காமல், நான்கைந்து பேரிடம் தலைக்குக் கால் மணி நேரம், போனிலேயே, என்று கேளுங்கள். யார் யார் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், பழையவர் ஒருவர் கட்டாயம். மேனேஜர் லைனில் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வு, தவறைச் சொன்னால் தலை போகாது என்ற நம்பிக்கை இருக்கும் அணிகள்தான் கற்றுக்கொள்கின்றன என்று காட்டியது. அந்த நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதை மேனேஜர் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள்.

கூகுள் ஃபார்ம் அனுப்பலாம். ஆனால் எட்டுப் பேர் டீமில் "பெயர் தெரியாது" என்று சொல்லி ஃபார்ம் அனுப்பினால் யாரும் நம்புவதில்லை, எழுதுகிற நடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி (சிறுசேரி): "எங்களுக்குப் பிரச்சனையே இல்லை, ஜாலியாக ஒரு நாள் போதும்" என்று சொன்னால்?

பதில்: ஜாலியாக ஒரு நாள் கொடுங்கள். நல்ல சாப்பாடு, நல்ல நிழல், கட்டாயப்படுத்தாத விளையாட்டு. அதற்கு லீடர்ஷிப், சினர்ஜி என்று பெயர் சூட்டாதீர்கள்.

கேள்வி (கிண்டி): ஆட்குறைப்பு நடந்த இரண்டாவது வாரமே ஒரு கம்பெனி கூப்பிடுகிறது. "மோரால் (ஊழியர்களின் உற்சாகம்) ஏற வேண்டும்" என்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: நானாக இருந்தால் அந்தத் தேதிக்கு ஏற்க மாட்டேன். பக்கத்து சீட் காலியாகியிருக்கிறது. அடுத்தது நாமா என்ற கேள்வியோடு இருக்கிறவரை பலூன் ஊதச் சொன்னால் கோபம்தான் வரும். பிசினஸ் ஹெட் முதலில் நேரில் உட்கார்ந்து, இனி ஆட்குறைப்பு உண்டா இல்லையா, யார் வேலை யாரிடம் போகிறது என்று பேசட்டும். அந்தக் கூட்டத்தை ஒழுங்காக நடத்த உதவுகிறேன் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். மிச்சமிருப்பவர்களை வைத்து அமைக்கிற அணி, பழைய ஆட்களே இருந்தாலும், புது அணிதான். ஓர் அணி கடந்து வருவதாக அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் சொன்ன நான்கு கட்டங்களை (சேர்வது, மோதுவது, வழக்கம் உருவாவது, வேலை ஓடுவது) பலர் ஸ்லைடில் போட்டுக் காட்டுவதோடு சரி. அணி இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கிளையன்ட்டைக் கேட்கத்தான் அது அதிகம் உதவும். மோதுகிற கட்டத்தில் இருக்கிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துப் போட்டி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (தாம்பரம்): ஆட்களைப் பற்றி என்னென்ன விவரம் வாங்க வேண்டும்?

பதில்: வயது, மொழி, எந்த ஷிப்ட், வீடு எந்தப் பக்கம். ஆவடியில் இருக்கிறவர் மகாபலிபுரம் போய்விட்டு எத்தனை மணிக்கு வீடு சேருவார் என்று பாருங்கள். நைட் ஷிப்ட் முடித்தவரைக் காலை 9 மணிக்கு வரச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை என்றால், அதற்குப் பதில் லீவு உண்டா என்று கேளுங்கள். மே மாதக் கத்திரி வெயிலில் புல்வெளியும் வேண்டாம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூரையில்லாத இடமும் வேண்டாம். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் செருப்பில்லாமல் வருவார்கள், சைவம்தான் சாப்பிடுவார்கள். ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள், கர்ப்பிணிகள், முட்டி வலிக்காரர்கள், எல்லாரும் இருப்பார்கள். தனித்தனியாக உடல்நிலை விசாரிக்காதீர்கள், அது அவர்கள் சொந்த விஷயம். "ஓடாமல், குதிக்காமல் எல்லாரும் சேர முடிகிற மாதிரி அமைக்கட்டுமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (ஹெச்.ஆர்., சோழிங்கநல்லூர்): எங்கள் பக்கம் இருந்து கேட்கிறேன். உள்விவகாரத்தை வெளியாளிடம் எவ்வளவு சொல்லலாம்?

பதில்: ஆள் பெயர் வேண்டாம். எந்த இரண்டு டீமுக்கு நடுவில், எந்த வேலையில் சிக்கல் என்பது போதும். ஒன்று மட்டும்: பாலியல் தொந்தரவுப் புகார் ஏதாவது நிலுவையில் இருந்தால் அது 2013 சட்டப்படி உங்கள் உள்ளகக் குழு பார்க்க வேண்டியது. சம்பந்தப்பட்ட இருவரையும் ஒரே விளையாட்டுக் குழுவில் போட்டு "சரியாகிவிடும்" என்று எங்களை நம்பாதீர்கள்.

கேள்வி (நுங்கம்பாக்கம்): இவ்வளவு கேட்டு எழுதிய ப்ரபோசலை வேறு வெண்டரிடம் கொடுத்துக் குறைந்த விலைக்குச் செய்துகொள்கிறார்கள். பணமும் இழுத்தடிக்கிறார்கள்.

பதில்: அதனால்தான் முதல் கட்டத்தில் ஆக்டிவிட்டி விவரம் எழுதாதீர்கள் என்கிறேன். என்ன புரிந்தது, எது மாற வேண்டும், எப்படிப்பட்ட நிகழ்ச்சி, அதுவரை இலவசம். நேரில் வந்து பார்ப்பது, பத்துப் பேரிடம் பேசுவது என்றால் அதற்குத் தனிக் கட்டணம் போட்டு, வேலை கிடைத்தால் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பாதி அட்வான்ஸ் வாங்காமல் ரிசார்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்த சிறு நிறுவனம் என்றால், 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி எப்படி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் வட்டி உண்டு. பதிவு எண்ணை இன்வாய்ஸிலேயே போடுங்கள். நீங்கள் சொல்லாமலே அக்கவுன்ட்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.