வைத்தியசாலை விடுதியில் தங்காமல் சிகிச்சை பெறலாமா?

கேள்வி: நாள்தோறும் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடிக்கும் என் கணவர் இப்போது நிறுத்த விரும்புகிறார். கூலிவேலையை விட்டு விடுதியில் தங்க வசதியில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் வெளிநோயாளராகவே சிகிச்சை பெறலாம், அரச வைத்தியசாலை என்பதால் கட்டணமில்லை, இருப்பில் இல்லாத மருந்தை மட்டும் வெளியே வாங்க நேரலாம். ஆனால், நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், நிறுத்துவதற்கு முன்பே அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். முன்பு வலிப்பு வந்தவராயின் சில நாட்கள் விடுதியில் இருப்பதே பாதுகாப்பு, அந்தக் கூலி போனாலும் பரவாயில்லை. தூக்கமின்மை, மனச்சோர்வு இருந்தால் அவற்றையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முற்றாகக் குணமாக்குவதாகப் பெருந்தொகை கேட்பவர்களை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம். அவசரமானால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.