ராணுவப் பயணக் கார்டில் வங்கிக்கு என்ன வருமானம்? வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறான். பயிற்சிக்குப் போய்வர அரசாங்கப் பயணக் கார்டு கொடுத்திருக்கிறார்கள். வட்டி கிடையாதாம், வருடக் கட்டணமும் கிடையாதாம். அப்புறம் வங்கி எதற்காகக் கொடுக்கிறது?

வருமானம் இருக்கிறது அம்மா. ஆனால் அது உங்கள் மகன் பையிலிருந்து வருவதில்லை, கடைக்காரரிடமிருந்து வருகிறது. 150 டாலர் ஓட்டல் அறைக்கு அவர் கார்டைத் தேய்த்தால் ஓட்டலுக்கு 150 டாலரும் முழுசாகப் போய்ச் சேராது. ஓட்டலின் வங்கி, கார்டு நெட்வொர்க் (விசா, மாஸ்டர்கார்டு மாதிரி), கார்டு கொடுத்த வங்கி என்று ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்குக்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். கணக்குக்கு இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ராத்திரி அறைக்கு மூன்றே முக்கால் டாலர். இரண்டு வாரத் தங்கல், வாடகைக் கார், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் கார்டுகள் ‘ஸ்மார்ட்பே’ என்ற அரசுத் திட்டத்தின் கீழ் வருகின்றன. 2018 நவம்பரில் தொடங்கிய மூன்றாவது ஸ்மார்ட்பே ஒப்பந்தத்தில் கார்டு வழங்குபவை சிட்டி, யு.எஸ். பேங்க் என்ற இரண்டு வங்கிகள்தான். அரசுக் கொள்முதல் கார்டுகள், வண்டி எரிபொருள் கார்டுகள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் இந்தத் திட்டத்தில் புழங்குகிறது. பெரிய வங்கிகளின் டெபிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு 2010 சட்டம் ஒரு வரம்பு வைத்தது. இந்த மாதிரிக் கார்டுகளுக்கு அந்த வரம்பு இல்லை.

இன்னொன்று. சாதாரணக் கார்டுக்கு ஆள் பிடிக்க வங்கி விளம்பரம் செய்ய வேண்டும், பாயின்ட், கேஷ்பேக் என்று அள்ளிக் கொடுக்க வேண்டும். இங்கே அந்தச் செலவே இல்லை. அரசுப் பயணத்துக்கு இந்தக் கார்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 1998-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

கேள்வி: அந்தப் பணத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். வங்கி ஒரு பகுதியை ‘ரீஃபண்ட்’ என்று துறைகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எவ்வளவு செலவானது, எவ்வளவு சீக்கிரம் பில் கட்டப்பட்டது என்ற இரண்டையும் வைத்துத்தான் அந்தத் தொகை அமைகிறது. வங்கி ஓட்டலுக்கு ஓரிரு நாளில் பணம் கொடுத்துவிடுகிறது. சிப்பாயிடமிருந்து அது திரும்பி வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் வங்கியின் சொந்தப் பணம் முடங்கிக் கிடக்கிறது. சீக்கிரம் கட்டினால் வங்கிக்கு மிச்சம், துறைக்கும் ரீஃபண்ட் கூடும். ஆக, சிப்பாய் காலத்தில் கட்டுவதில் இரண்டு பேருக்கும் ஆதாயம். கட்டுகிற சிப்பாய்க்கு அதில் ஒரு சென்ட் கூட வராது.

கேள்வி: ரிவார்டு பாயின்ட் எதுவுமே கிடைக்காதா?

கார்டுக்குக் கிடையாது. ஆனால் பயணத்தில் சேரும் விமான மைல்களையும் ஓட்டல் பாயின்ட்களையும் சிப்பாயே வைத்துக்கொள்ளலாம். 2001 டிசம்பரில் வந்த சட்டம் அதற்கு வழிசெய்தது.

கேள்வி: ராணுவம் பணம் தருவதற்குத் தாமதமானால் பில்லை யார் கட்டுவது?

இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. தனிநபர் பில் கணக்கில் கார்டு சிப்பாயின் பெயரில் இருக்கிறது, பொறுப்பும் அவருடையது. ராணுவம் பணம் தரவில்லை என்பதற்காக வங்கியின் கெடு நகராது. மாத பில் போட்ட நாளிலிருந்து 61 நாள் ஆனால் கார்டு முடக்கம், 75 நாள் ஆனால் 29 டாலர் தாமதக் கட்டணம், 126 நாள் ஆனால் கார்டே ரத்து. அதற்கும் மேலே போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள். வட்டி இல்லாத கார்டில் வங்கிக்குச் சிப்பாயிடமிருந்து நேரடியாக வருவது முக்கியமாக இந்தத் தாமதக் கட்டணமும் ஏடிஎம் கட்டணமும்தான். சேமிப்பு இல்லாத இருபது வயதுப் பையனுக்கு 29 டாலர் சின்னத் தொகை இல்லை. அலுவலகத்தில் யாரோ கையெழுத்துப் போடத் தாமதித்ததற்கு அவன் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

சரி, செய்ய வேண்டியது இதுதான். பயணம் முடிந்து திரும்பி வந்த ஐந்து வேலை நாளுக்குள் வவுச்சர், அதாவது செலவுப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கணக்கு, போடச் சொல்லுங்கள். முறையாகப் போட்ட வவுச்சருக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது அதே 1998 சட்டம். தாண்டினால் துறை தாமதத்துக்கான தொகை தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கலாம். பயணம் நீளும் என்று தெரிந்தால் கிளம்பும் முன்பே அவருடைய பிரிவின் கார்டு ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, கணக்கை ‘மிஷன் கிரிட்டிக்கல்’ நிலையில் வைக்கச் சொல்லலாம். அந்த நிலையில் இருக்கும்வரை கார்டு முடங்காது, தாமதக் கட்டணமும் விழாது. முடங்கிய பிறகு ஓடுவதைவிட இது சுலபம்.

கேள்வி: வவுச்சர் பணம் என் கணக்குக்கு வராமல் நேராக வங்கிக்குப் போகிறது. இது சரியா?

சரிதான், விதியே அதுதான். 2000-களின் தொடக்கத்தில் நிறையப் பேர் வவுச்சர் பணத்தை வாங்கி வேறு செலவு செய்துவிட, வங்கி பல கோடி டாலரை வாராக் கடனாக எழுதித் தள்ளியது. நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பு 2002-ல் ராணுவத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகுதான் கார்டில் செலவான தொகை நேராக வங்கிக்குப் போகும் ஏற்பாடு கட்டாயமானது. வங்கிக்குப் பெரிய பாதுகாப்பு, உங்களுக்கும் நல்லதே.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வவுச்சரில் ஒவ்வொரு செலவுக்கும் எப்படிக் கட்டினீர்கள் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்த டாக்ஸியைக் கார்டு என்று குறித்துவிட்டால் அந்தப் பணமும் வங்கிக்குப் போய் உங்கள் கார்டுக் கணக்கில் வரவாக உட்கார்ந்திருக்கும். கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, அதைத் திருப்பி அனுப்பும்படி கேளுங்கள்.