பாட்டியின் வாயை அடைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மொழி கன்னடம், ஊர் மொழி தமிழ். நான் தறியைவிட்டு எழுந்து வந்ததும், இரண்டரை வயது மகள் அன்று நடந்ததையெல்லாம் என்னிடம் கன்னடத்தில் சொல்கிறாள். அதே கதையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் தமிழில் சொல்கிறாள். கேட்கக் கேட்கப் பூரிப்பாக இருக்கிறது. உறவினர் வந்தால் இரண்டு மொழியிலும் பேசிக்காட்டச் சொல்வேன். ஆனால், சேர்க்கவிருக்கும் மழலையர் பள்ளியில், இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும், பாட்டியைக் கன்னடம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்கிறார்கள். சில நேரம் ஒரே பேச்சில் இரண்டையும் கலக்கவும் செய்கிறாள். என்ன செய்வது?
— ஒரு தந்தை, சிறுமுகை

பதில்: பாட்டியிடம் அப்படி எதையும் சொல்லாதீர்கள். அப்பாவுக்கு ஒரு மொழி, அடுத்த வீட்டுப் பையனுக்கு ஒரு மொழி என்று ஆள் பார்த்துப் பேசத் தெரிந்த குழந்தையைக் குழம்பியவள் என்று சொல்பவர்கள், அவள் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த அச்சம் பழையது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வறுமையில் வாடிய குடியேறிகளின் பிள்ளைகளை, வசதியான வீட்டு ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தேர்வு வைத்து, வறுமை செய்த வேலைக்கு இரண்டாவது மொழியின் மீது பழி போட்டார்கள். 1962இல் கனடாவின் மொன்றியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர், குடும்ப வசதியில் ஒத்திருந்த 10 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. பல தேர்வுகளில் முந்தியே நின்றார்கள்.

உங்களைப் போலவே மகளின் பேச்சில் மகிழ்ந்த தந்தை ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த வெர்னர் லியோபோல்டு, 1930இல் பிறந்த தம் மகள் ஹில்டகார்டிடம் ஜெர்மன் பேசினார். தாய் ஆங்கிலம் பேசினார். குழந்தையின் ஒவ்வொரு புதுச் சொல்லையும் நாட்குறிப்பில் எழுதிவைத்து, 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். முதல் இரண்டு ஆண்டுகள் இரு மொழிச் சொற்களையும் ஒன்றாகவே புழங்கிய அந்தக் குழந்தை, பிறகு படிப்படியாக அவற்றைத் தானே பிரித்துக்கொண்டது. ஒரு தந்தையின் பூரிப்பு எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாக முடியும் என்பதற்கு அந்த நான்கு தொகுதிகளே சான்று.

கொங்கு நாட்டுக்கு இது புதுமையும் அல்ல. தேவாங்கர் வீடுகளில் கன்னடமும், கம்மவார் வீடுகளில் தெலுங்கும், சேலத்துச் சௌராஷ்டிரர் வீடுகளில் சௌராஷ்டிரமும் பேசியபடியே, சந்தையிலும் பள்ளியிலும் தமிழில் யாருக்கும் குறையாமல் வாழ்ந்த தலைமுறைகள் இங்கே பல. உங்கள் தாயாரும் அப்படி வளர்ந்தவராகத்தான் இருப்பார்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். குழந்தைக்குப் பேச்சு வளர்வது, அதனிடம் பேசுகிறவரின் நா தடையில்லாமல் ஓடும்போதுதான். கதை சொல்லவும், கோபித்துக்கொள்ளவும், கொஞ்சவும், 'ஏன்' என்ற கேள்விக்குப் பத்து முறை பதில் சொல்லவும் உங்களுக்கு எந்த மொழி கைகொடுக்கிறதோ, அந்த மொழியில்தான் குழந்தைக்கு முழு விருந்து கிடைக்கும். வா, உட்கார், சாப்பிடு என்ற நாலைந்து ஏவல்களோடு நின்றுவிடும் ஆங்கிலத்தை வீட்டு மொழியாக்கினால், குழந்தை ஆங்கிலத்தையும் சரியாகப் பெறாது, உங்களையும் முழுமையாகப் பெறாது. ஆங்கிலம் பள்ளியில் வரட்டும்; கற்றுத்தருவது பள்ளியின் கடமை, அதற்குத்தான் கட்டணம் வாங்குகிறார்கள். தமிழை நண்பர்களும் தெருவும் தந்துவிடுவார்கள். கன்னடத்துக்குத்தான் ஆள் இல்லை. ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி மலைப்பகுதியில் கன்னடவழி அரசுப் பள்ளிகள் இருந்தாலும், உங்கள் வீட்டுக் கன்னடத்துக்குப் பாட்டியின் மடிதான் பள்ளிக்கூடம். அதையும் மூடச் சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

உங்களிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருந்தினர் முன் இரண்டு மொழியிலும் பேசிக்காட்டச் சொல்வதை நிறுத்துங்கள். அவளுக்கு அது வித்தையல்ல, தன் மனிதர்களோடு பேசும் வழி. கேட்க ஆள் இருக்கும்போது தானாகப் பேசுகிற குழந்தை, பேசு என்று ஏவினால் நாளடைவில் அம்மா புடவையின் பின்னால் ஒளியத் தொடங்கிவிடும். உங்கள் மகிழ்ச்சியைக் காட்ட, அவள் சொல்லும் கதையை உட்கார்ந்து கடைசிவரை கேட்பதே போதும்.

மற்ற பெற்றோருக்காக ஒரு குறிப்பு: இருமொழிக் குழந்தையின் சொற்களை எண்ணுகிறவர்கள் இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு வயது முடிந்தும் இரு மொழியிலுமாக ஐம்பது சொற்கள்கூட வராமலோ, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமலோ இருந்தால், மொழியைக் குறைக்காமல், முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். உங்கள் மகளுக்கு இந்தக் கவலை இல்லை.

கலந்து பேசினால் திருத்தாதீர்கள். அவள் சொன்னதையே நீங்கள் வழக்கமாகப் பேசும் கன்னடத்தில் முழு வாக்கியமாக இயல்பாகச் சொல்லி, அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.