சல்பர் ஏறிய கேட்டலிஸ்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

"பிஎஸ்-6 டீசல் கார். கேட்டலிஸ்ட்டில் சல்பர் ஏறிவிட்டது, புதிது போடணும் என்கிறார்கள். மீட்க வழியே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் வழி இருக்கிறது. (கேட்டலிஸ்ட் என்பது புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் பாகம்.) எஞ்சின் எமிஷன் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், உங்கள் காரில் இருப்பது எந்த வகைக் கேட்டலிஸ்ட் என்று கேளுங்கள்.

ஆட்புளூ என்னும் யூரியாக் கரைசலைத் தனி டாங்கில் ஊற்றும் வண்டி என்றால் எஸ்சிஆர்; அந்தக் கரைசலைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக மாற்றும் வகை அது. அதிலுள்ள தாமிரம் ஏற்றிய ஜியோலைட்டில் (நுண்துளைகள் கொண்ட ஒரு கனிமம்) படிந்த சல்பர் 500, 550 டிகிரியில் பெருமளவு கழன்றுவிடும். டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷனின்போதே அந்தச் சூடு கிடைப்பதால் அவ்வளவாகப் பயப்பட வேண்டாம்.

ஆட்புளூ இல்லாத சிறிய டீசல் கார்களில் எல்என்டி, அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்துவைக்கும் வகைக் கேட்டலிஸ்ட், இருக்கலாம். தொல்லை அதில்தான். அதிலுள்ள பேரியம், நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரேட்டாகப் பிடித்துவைத்து, பிறகு நைட்ரஜனாக மாற்றி வெளியே விட உதவுகிறது. சல்பர் வந்தால் பேரியம் சல்பேட் ஆகிவிடும். நைட்ரேட் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடும் பயணி. சல்பேட் துண்டு போட்டு இடம் பிடித்தவர், எழுந்திருக்கவே மாட்டார்.

2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க நமக்குக் கிடைப்பது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) சல்பர் உள்ள டீசல்தானே என்று தோன்றும். பிஎஸ்-3 காலத்தின் 350 பிபிஎம்மோடு பார்த்தால் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடும் கார் எரிக்கும் டீசலில் சுமார் 7 கிராம் சல்பர் இருக்கும். அத்தனையும் ஒட்டினால் 30 கிராம் பேரியம் முடங்கிப்போகும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒட்டிய சல்பேட்டை எடுக்க 650 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூடு மட்டும் போதாது. டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, ஆக்சிஜனைக் குறைத்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மிகுந்த புகையை இடைவெளி விட்டு அனுப்பினால்தான் சல்பேட் உடையும். இதை ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானாகவே செய்யும். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி வண்டியை நிறுத்திவிட்டால் அதற்கு வாய்ப்பே அமைவதில்லை. ஸ்கேனர் போட்டு ஒர்க்‌ஷாப்பிலேயே இந்தச் சல்பர் நீக்கத்தை, அதாவது டீசல்ஃபேஷனைத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள்; பல மாடல்களில் முடியும். ஆசிட், தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

அதற்காக அடிக்கடி செய்யச் சொல்லாதீர்கள். அந்தச் சூட்டில் கேட்டலிஸ்ட்டிலுள்ள நுண்ணிய பிளாட்டினத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், வேலை செய்யும் பரப்பு குறையும். சல்பர் போய்விடும், இந்த இழப்பு திரும்பாது. அதனால்தான் எரிபொருளிலேயே சல்பரைக் குறைப்பதற்கு ஈடாக எதுவுமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முறையாக டீசல்ஃபேஷன் முடிந்த பிறகும் நைட்ரஜன் ஆக்சைடு அளவு குறையவில்லை என்றால், காரணம் சூட்டில் வந்த தேய்மானமாகவோ எஞ்சின் ஆயிலிலிருந்து வந்த பாஸ்பரஸாகவோ இருக்கலாம். பாஸ்பரஸைச் சூடுகாட்டி எடுக்க முடியாது. அப்போது புதிது போடுவது நியாயம்.