அகதியாக வந்தவர் அமெரிக்காவில் மாநில சட்டமன்ற உறுப்பினர் ஆக முடியுமா?

முடியும். மாநில சட்டமன்ற உறுப்பினர் என்றால் நம் ஊர் எம்.எல்.ஏ. மாதிரி. உதாரணமாக, மினசோட்டா என்ற அமெரிக்க மாநிலத்தில் வாக்குரிமையுள்ள குடிமகனாக, 21 வயது நிரம்பி, மாநிலத்தில் ஓராண்டும் தொகுதியில் ஆறு மாதமும் வசித்திருந்தால் போதும். புது ஊருக்குக் குடிவந்தவர் அங்கே வாக்காளராகி ஊராட்சித் தேர்தலில் நிற்பது போலத்தான்.

மீ மௌவா 1969-இல் லாவோஸில் பிறந்தவர். போருக்குத் தப்பித் தாய்லாந்து அகதி முகாமில் இருந்துவிட்டு, 1978-இல் அமெரிக்கா வந்தார், வழக்கறிஞரானார். 2002 ஜனவரியில் மினசோட்டாவின் செயின்ட் பால் நகர இடைத்தேர்தலில் வென்று, மாநில சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்குப் போனார். அமெரிக்காவில் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் மோங் (லாவோஸ் மலைப்பகுதிகளில் வாழும் சிறுபான்மை இனம்) இனத்தவர் அவர்தான், எவ்வளவு பெரிய தூரம்! இடைத்தேர்தலில் பொதுவாக ஓட்டு குறைவாகவே விழும். அதனால் ஒரே பகுதியில் நெருங்கி வாழும் சமூகம் திரண்டு வந்தால் முடிவே மாறும். வாக்குப்பதிவு அன்றே பெயர் சேர்க்கும் வசதியும் மினசோட்டாவில் உண்டு.

பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிபந்தனை அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கு மட்டுமே.