தாத்தாவின் வில்லும் உடுக்கையும் மக்கில், குஷனில், பாயில்

கேள்வி: தாத்தா வில்லுப்பாட்டுக் கலைஞர். அவருடைய வில், உடுக்கை, குடம் மூன்றும் வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து மக், குஷன் உறை, பத்தமடைப் பாய் ஆகியவற்றில் அச்சிடலாமா? – அம்பாசமுத்திரம் வாசகர்

எதில் அச்சிடப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே கேமராவை எடுங்கள். வில் பத்தடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மக்கில் அச்சுக்குக் கிடைப்பது சுமார் 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம். முழு வில்லையும் அதில் அடக்கினால் 15 மடங்கு சுருங்கும், வில்லில் தொங்கும் 3 செ.மீ. மணி 2 மி.மீ. புள்ளியாகிவிடும். எனவே இரண்டு மூன்று மணிகள், அவற்றைக் கட்டிய கயிறு, அவ்வளவு போதும். உடுக்கை மக்குக்கு நன்றாகப் பொருந்தும். குடம் சதுரக் குஷனுக்கு.

மணிகளைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். கை பட்டுக் கறுத்த அந்த நிறம்தான் படத்துக்கு உயிர். துலக்கிய பித்தளையில் உங்கள் முகமும் ஜன்னலும் தெரியும்; லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டினாலும் உலோகப் பிரதிபலிப்பு அடங்காது. வெயில் நேரே விழாத திண்ணையில், ஒரு பக்கம் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஒளியை மென்மையாக்குங்கள். ஃபிளாஷ் வேண்டாம். டிரைபாடில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 முதல் 11 வரை, 2 விநாடி டைமர். மொபைல் என்றால் 2எக்ஸ் வைத்துச் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். வைட் லென்ஸ் உடுக்கையின் ஒரு முகத்தை மட்டும் பெருக்கிக் காட்டும்.

மக்குக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது சுமார் 2360 × 1060 பிக்சல். 40 செ.மீ. குஷனுக்கு 200 டிபிஐ போதும். பக்கத்துக்கு 3150 பிக்சல். இருண்ட மரம் அச்சில் கரியாக அப்பிவிடும் என்பதால் நிழல் பகுதிகளைச் சற்று வெளுப்பாக்கிக் கொடுங்கள். மக்கை வலக்கையில் பிடிப்பவருக்குத் தெரிவது படத்தின் வலப் பாதி. நடுவில் வைத்த உடுக்கை கைப்பிடிக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்விடும். அதனால் இடமிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள். தாளிலிருந்து மக்குக்கு மாறும்போது படம் இடம் வலமாகும் என்பதால் கண்ணாடி பிம்பமாகத் திருப்ப வேண்டும்; அது அதற்கப்புறம்.

கடையில் செய்வது பெரும்பாலும் சப்ளிமேஷன் அச்சு. மை ஆவியாகிப் பாலியஸ்டருக்குள் இறங்கும் முறை இது. பூச்சுள்ள வெள்ளை மக்கும் முழுப் பாலியஸ்டர் உறையும்தான் இதற்கு ஏற்றவை. பருத்தியில் மை பிடிக்காது, கலப்புத் துணியில் வெளிறும். மக்குக்குச் சுமார் 180 டிகிரியில் 3 நிமிடம், துணிக்கு 200 டிகிரியில் 1 நிமிடம் என்ற அளவில் வைப்பார்கள். சூடாக அழுத்தும்போது படம் அச்சான தாள் நகர்ந்தால் மணிக்கு இரட்டை விளிம்பு விழும். வெப்பம் தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துணியை முதலில் 5 விநாடி தாள் இல்லாமல் சூடாக அழுத்தாவிட்டால் திட்டுத்திட்டாகும். ஒரு மக் மாதிரி பார்த்த பிறகே மொத்தமாக ஆர்டர் கொடுங்கள். மக்கைக் கழுவும்போது தேங்காய் நாரும் சாம்பலும் பூச்சைக் கீறிவிடும். மென்மையான ஸ்பாஞ்சே போதும்.

பத்தமடைப் பாயை மட்டும் ஹீட் பிரஸ்ஸில் (சூடாக அழுத்தும் இயந்திரத்தில்) வைக்கவே கூடாது. கோரை கருகும், மையும் ஒட்டாது. உடுக்கையின் வெளிக்கோட்டை மட்டும் இரண்டு நிறத்தில் வரைந்து நெசவாளரிடம் கொடுத்தால், சாயக் கோரையில் நெய்ய முடியுமா என்று பார்த்துச் சொல்வார். கோயில் கொடை விழாவில் சாமி வரவழைக்கும் வில்லோடு சேர்ந்தது இந்த உடுக்கை. சுவரில் தொங்கவிடும் பாயாகவே கேளுங்கள், மிதிக்கும் பாயில் வேண்டாம்.